கிமு 20

கிமு 20 என்பது யூலியன் நாட்காட்டியின் தொடக்கக் காலத்தைச் சேர்ந்த ஓர் ஆண்டாகும். அக்காலத்தில் உரோமையில் இவ்வாண்டு "அப்புலேயசும் நெர்வாவும் கான்சல்களாக இருந்த ஆண்டு" என அழைக்கப்பட்டது. உரோமை நகர் நிறுவப்பட்டதில் இருந்து எண்ணும் முறையில் இது 734 ஆம் ஆண்டாகும். கிமு, கிபி என்னும் ஆண்டு முறை பிற்காலத்தில் தோன்றியது. அம்முறை ஐரோப்பாவில் பரவிய பின்னரே இவ்வாண்டு கிமு 20 எனக் குறிக்கப்படலாயிற்று.

உரோமைப் பேரரசின் முதல் பேரரசரான அகஸ்டஸ் இவ்வாண்டில் கிழக்கு நாடுகளில் தங்கியிருந்தார். பார்த்தியப் பேரரசுடன் உடன்பாடு ஏற்பட்டதும், இந்தியாவில் இருந்து வந்த தூதுக்குழு ஏஜியன் கடலில் உள்ள சாமோஸ் தீவில் அகஸ்டசுடன் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டதும் இவ்வாண்டின் முக்கிய நிகழ்வுகளாகும். இத்தூதை அனுப்பியவர் பாண்டிய மன்னர் என்று தமிழக வரலாறு குறித்த பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது. எனினும் பழைய கிரேக்க, இலத்தீன் நூல்களின் சான்றுகள் இதில் ஒன்றுபடவில்லை. அச்சான்றுகளும், பாண்டியரின் துறைமுகமான கொற்கை அக்காலத்தில் பெற்றிருந்த இடமும் இக்கட்டுரையில் தரப்படுகின்றன.

பின்னணி

கிமு 31 இல் ஆக்டியம் போரில் வெற்றி பெற்ற ஆக்டேவியன், கிமு 30 இல் எகிப்தை உரோமை ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்தார். கிமு 27 இல் இவருக்கு "அகஸ்டஸ்" என்னும் பட்டம் வழங்கப்பட்டது. எகிப்து உரோமையர் வசமானதால், செங்கடல் துறைமுகங்களான மியோஸ் ஓர்மோஸ், பெரெனிக்கே ஆகியனவும் அவர்கள் கைக்கு வந்தன. இந்தியாவுக்குச் செல்லும் கடல்வழி இத்துறைமுகங்களில் இருந்தே தொடங்கியது.

கிரேக்கப் புவியியலாளரான ஸ்ட்ராபோ, தம் நண்பரும் எகிப்தின் ஆளுநருமான ஏலியஸ் கால்லஸ் என்பவருடன் எகிப்தில் பயணம் செய்தவர். மியோஸ் ஓர்மோஸ் துறையில் இருந்து 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குச் செல்வதாகத் தாம் அறிந்ததை அவர் எழுதியுள்ளார். தாலமி மன்னர்கள் காலத்தில் 20 கப்பல்கள்கூட அவ்வளவு தொலைவு செல்லத் துணியவில்லை என்பதும் அவர் குறிப்பாகும். ஆகவே கிமு 20 ஐ ஒட்டிய ஆண்டுகள், தென்னிந்தியாவுக்கும் மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் இடையிலான வணிகம் விரைந்து வளர்ந்த காலப்பகுதியைச் சேர்ந்தவை எனலாம்.

நிகழ்வுகள்

* பார்த்திய மன்னர் நான்காம் பிராத்தஸ், கிமு 53 இல் கார்ரே போரில் உரோமைப் படையிடம் இருந்து கைப்பற்றப்பட்ட படைக்கொடிகளை அகஸ்டசிடம் திருப்பி அளித்தார். போரின்றிக் கிடைத்த வெற்றியாக இது உரோமையில் கொண்டாடப்பட்டது.
* ஆர்மீனிய மன்னர் இரண்டாம் அர்த்தாக்சியஸ் கொல்லப்பட்டார். அகஸ்டசின் வளர்ப்பு மகனும் பின்னாளில் பேரரசருமான திபேரியஸ் படையுடன் சென்று, மூன்றாம் திக்ரானசை அந்நாட்டின் அரியணையில் அமர்த்தினார்.
* அகஸ்டஸ் குளிர்காலத்தைச் சாமோஸ் தீவில் கழித்தார். அங்கு பல நாட்டுத் தூதர்கள் அவரைக் காண வந்தனர். இந்தியத் தூதர்களும் அவர்களுள் இருந்தனர்.

இந்தியத் தூது

இத்தூது பற்றிய விரிவான செய்தி, அகஸ்டஸ் காலத்தவரான தமாஸ்கஸ் நகர நிக்கோலாஸ் கூறியதாக ஸ்ட்ராபோவின் நூலில் காணப்படுகிறது. சிரியாவின் அந்தியோக்கியா நகரை அடுத்த தாப்னே என்னுமிடத்தில் நிக்கோலாஸ் இத்தூதர்களை நேரில் கண்டார். புறப்பட்டபோது பலர் இருந்தனர் என்பது அவர்கள் கொண்டுவந்த கடிதத்தில் இருந்து தெரிந்தது. ஆனால் பயணத்தின் நீண்ட தொலைவு காரணமாகப் பெரும்பாலோர் இறந்துவிட, மூவர் மட்டுமே எஞ்சியிருந்தனர்.

அவர்கள் கொண்டுவந்த கடிதம் தோலில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டிருந்தது. அனுப்பிய மன்னரின் பெயர் "போரஸ்" என அதில் இருந்தது. தாம் 600 அரசர்களுக்குத் தலைவராக இருந்தபோதும், அகஸ்டசின் நட்பைப் பெரிதாக மதிப்பதாகவும், அவர் விரும்பும் இடத்துக்கு வழிவிடவும் உதவவும் ஆயத்தமாக இருப்பதாகவும் அம்மன்னர் தெரிவித்திருந்தார்.

பரிசுப் பொருள்களை இடையில் மட்டும் ஆடை அணிந்து நறுமணம் பூசிய எட்டுப் பணியாளர்கள் சுமந்து வந்தனர். அவை வருமாறு:

* கைகள் இன்றிப் பிறந்த ஓர் இளைஞர். இவரைத் தாமே பார்த்ததாக ஸ்ட்ராபோ கூறுகிறார். இவர் கால்களாலேயே வில்லை வளைத்து அம்பெய்தார் என்றும், எக்காளத்தை வாய்க்குக் கொண்டுசென்றார் என்றும் பிற்கால வரலாற்றாசிரியரான தியோ காசியஸ் எழுதியுள்ளார்.
* பெரிய விரியன் பாம்புகள், மற்றும் 10 முழ நீளமுள்ள ஒரு பாம்பு
* 3 முழ அளவுள்ள ஓர் ஆற்று ஆமை
* கழுகைக் காட்டிலும் பெரிதாக இருந்ததாகக் கூறப்படும் ஒரு கௌதாரி

இவற்றுடன் புலிகளும் கொண்டுவரப்பட்டன என்றும், உரோமையர் புலியைப் பார்த்தது அதுவே முதல்முறை என்றும் தியோ காசியஸ் கூறுகிறார். இத்தூது சாமோசில் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டது என்னும் செய்தியையும், அதற்குரிய ஆண்டையும் அவருடைய நூலில் இருந்தே அறிகிறோம். இந்தியர்கள் முன்னரே ஒருமுறை தொடர்புகொண்டிருந்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

தீக்குளித்த துறவி

தூதுக்குழுவுடன் வந்த ஒருவர், அகஸ்டஸ் ஏதென்சில் இருந்தபோது அங்கு சிதை மூட்டி, சிரித்த முகத்துடன் அதில் பாய்ந்து உயிர் துறந்தார். இவரது பெயரை ஸ்ட்ராபோ "சர்மனோகேகாஸ்" என்றும், தியோ காசியஸ் "சர்மாரோஸ்" என்றும் எழுதுகின்றனர். இது "சிரமணாச்சாரியர்" என்னும் சொல்லின் கிரேக்க வடிவமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். அவரது கல்லறையில் அவர் "பார்கோசா" என்னும் ஊரைச் சேர்ந்த இந்தியர் எனப் பொறிக்கப்பட்டிருந்தது. கிபி 100 ஐ ஒட்டிய காலத்தில் எழுதிய புளூட்டார்க், "இந்தியரின் கல்லறை" என்ற பெயரில் அவ்விடம் ஏதென்சில் காட்டப்பட்டு வந்ததாகக் குறிப்பிடுகிறார்.

தூதை அனுப்பியவர் யார்?

இவ்வினாவுக்குப் பழைய நூல்களிலேயே இரு விடைகள் உள்ளன. இந்தியாவில் ஓர் இடத்தில் இருந்தும் ஓர் அரசரிடம் இருந்தும் அகஸ்டசுக்குப் பரிசுகள் வந்தன என்று கூறும் ஸ்ட்ராபோ, அவ்வரசரைப் "பாண்டியோன்" என்றும், வேறு சிலர் கருத்துப்படி "போரஸ்" என்றும் குறிக்கிறார். பாண்டியோன் என்பது பாண்டியர் குடிப்பெயரின் கிரேக்க வடிவம் என்பதில் ஐயமில்லை. பிளினி, தாலமி ஆகியோரும் பெரிப்ளூஸ் நூலின் ஆசிரியரும் மதுரை அரசரையே அப்பெயரால் குறித்துள்ளனர். போரஸ் என்பது அலெக்சாந்தருடன் போரிட்ட பஞ்சாப் பகுதி அரசரின் பெயராகக் கிரேக்கருக்கு நன்கு அறிமுகமானது.

பாண்டியருக்குச் சார்பான சான்றுகள்

* பாண்டியோன் என்னும் பெயரை ஸ்ட்ராபோ வெளிப்படையாகக் குறிப்பிடுவது.
* அகஸ்டசுக்கு வந்த இந்தியத் தூதர்கள் யானைகளையும் மணிகளையும் முத்துகளையும் கொண்டுவந்தனர் என்றும், வழியில் நான்கு ஆண்டுகளைக் கழித்தனர் என்றும் புளோரஸ் என்னும் உரோமை எழுத்தாளர் கூறுவது. முத்து பாண்டிய நாட்டின் தனிச்சிறப்பான விளைபொருளாகும்.
* இந்தியாவில் உரோமை வணிகத்தால் மிகுந்த பயன் பெற்ற அரசுகளுள் பாண்டிய அரசும் ஒன்று என்பது.

எதிரான சான்றுகள்

* நிக்கோலாஸ் நேரில் அறிந்த கடிதத்தில் போரஸ் என்ற பெயரே காணப்பட்டது.
* கடிதம் கிரேக்க மொழியில் இருந்தது. இந்தோ-கிரேக்க அரசர்கள் ஆண்ட வடமேற்கு இந்தியாவில் அம்மொழி வழக்கில் இருந்தது.
* துறவியின் ஊரான பார்கோசா, குசராத்தில் உள்ள பரூச் நகரின் பழைய கிரேக்கப் பெயரான "பாருகாசா" என்பதை ஒத்துள்ளது.
* பரிசுகளாக நிக்கோலாஸ் குறிப்பிடும் பொருள்களில் முத்து இல்லை.

வந்தது ஒரே தூது எனக் கொள்வதாலேயே இம்முரண்பாடு தோன்றுகிறது என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அகஸ்டஸ் தம் வாழ்வின் இறுதியில் எழுதிவைத்த சாதனைக் குறிப்பு, துருக்கியின் அங்காரா நகரில் கல்வெட்டாகக் கிடைத்துள்ளது. இந்திய மன்னர்களிடம் இருந்து தமக்குப் பலமுறை தூதுகள் வந்தன என்றும், அதற்கு முன் எந்த உரோமைத் தலைவரிடமும் அவ்வாறு வந்ததில்லை என்றும் அதில் அவர் கூறுகிறார். எசுப்பானியாவின் தார்ராக்கோ நகரில் அகஸ்டஸ் இருந்தபோதும் இந்தியத் தூதர்கள் அவரைச் சந்தித்தனர் என்று ஒரோசியஸ் எழுதியுள்ளார். அது கிமு 20 க்குச் சில ஆண்டுகள் முற்பட்டது. வெவ்வேறு அரசர்கள் அனுப்பிய தூதுகள் பிற்கால எழுத்துகளில் ஒன்றாகக் கலந்திருக்கக் கூடும்.

எனவே, அகஸ்டஸ் காலத்தில் பாண்டியர் தூது ஒன்று உரோமையரிடம் சென்றது என்பதற்கு ஸ்ட்ராபோவின் சான்று உண்டு. ஆனால் கிமு 20 இல் சாமோசில் உடன்படிக்கை செய்த தூதே பாண்டியருடையது என உறுதியாகக் கூற இயலாது. மேலும், இந்நூல்களில் எதிலும் அப்பாண்டியரின் இயற்பெயர் தரப்படவில்லை. சங்க நூல்கள் குறிப்பிடும் பாண்டியர் எவரையும் இத்தூதுடன் இணைத்துப் பெயர் கூறுவதற்குச் சான்று இல்லை.

கொற்கையும் முத்தும்

தாமிரபரணி ஆறு கடலுடன் கலக்கும் பகுதியில் அமைந்திருந்த கொற்கை, பண்டைய பாண்டியரின் தலைமைத் துறைமுகமாகும். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் கடலில் இருந்து சில கிலோமீட்டர் உள்ளே அமைந்த ஒரு சிற்றூராக அது உள்ளது. அங்குள்ள ஒரு கோயிலின் பெயரில் இடம்பெறும் "அக்கசாலை" என்னும் சொல், நாணயம் அச்சிடும் இடத்தைக் குறிப்பதாகும்.

முத்துச் சிப்பிகள் மன்னார் வளைகுடாவின் கடலடியில் உள்ள "பார்" எனப்படும் பாறைத் திட்டுகளில் வளர்கின்றன. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மூச்சை அடக்கி மூழ்கிச் சிப்பிகளை எடுப்பதே பண்டைய முறையாகும். பாண்டிய நாட்டு முத்துகள் வடநாட்டிலும் புகழ் பெற்றிருந்தன. அர்த்தசாத்திரம் முத்து வகைகளுள் தாமிரபரணி முத்தையும் குறிப்பிடுகிறது. கலிங்க மன்னர் காரவேலனின் அத்திகும்பா கல்வெட்டு, பாண்டிய அரசரிடம் இருந்து முத்துகள் பெறப்பட்டதைக் கூறுகிறது. சங்க நூலான மதுரைக்காஞ்சி கொற்கையின் முத்தைச் சிறப்பித்துப் பேசுகிறது.

கிபி முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட "எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்" என்னும் வணிகர் கையேடு, குமரிக்கு அப்பால் "கொல்கோய்" என்னும் இடத்தில் முத்துக் குளித்தல் நடைபெற்றதாகவும், அது பாண்டியனுக்கு உரியது எனவும் கூறுகிறது. தண்டனை பெற்ற கைதிகளே அங்கு கடலில் மூழ்கினர் என்பது அந்நூலின் செய்தி. சங்க இலக்கியமோ முத்தெடுக்கும் தொழிலைப் பரதவர் என்னும் கடற்கரை மக்களுடன் சேர்த்துப் பேசுகிறது. கிபி 2 ஆம் நூற்றாண்டில் தாலமியும் கொல்கோய் ஒரு வணிகத்துறை எனக் குறித்துள்ளார். அவர் அதையடுத்துக் குறிப்பிடும் "சோலேன்" ஆறு தாமிரபரணி எனக் கருதப்படுகிறது.

உரோமையில் முத்துக்கு இருந்த மதிப்பு மிகப் பெரிது. பேரரசர் காலிகுலாவின் மனைவியான லோல்லியா பவுலினா, 40 மில்லியன் செஸ்டர்ஸ் மதிப்புள்ள மரகதங்களையும் முத்துகளையும் அணிந்து ஒரு விருந்துக்கு வந்ததைத் தாம் கண்டதாகப் பிளினி எழுதியுள்ளார். இந்தியாவுடனான வணிகத்தால் ஆண்டுதோறும் 50 மில்லியன் செஸ்டர்ஸ் வெளியேறுவதாக அவர் ஓரிடத்திலும், இந்தியா, சீனா, அரேபியா ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 100 மில்லியன் செல்வதாக வேறோரிடத்திலும் கூறியுள்ளார்.

கடல்வழி

எகிப்தில் இருந்து புறப்படும் கப்பல்கள் கோடையின் நடுவில் செங்கடலைக் கடந்து, தென்மேற்குப் பருவக்காற்றின் உதவியால் அரபிக்கடலைக் குறுக்காகக் கடந்தன. செங்கடல் வாயிலில் உள்ள ஓகேலிஸ் என்னும் துறையில் இருந்து முசிறிக்கு 40 நாட்கள் ஆகும் என்கிறார் பிளினி. திரும்பும் பயணம் டிசம்பர், சனவரி மாதங்களில் வடகிழக்குக் காற்றைக் கொண்டு தொடங்கியது.

இக்கப்பல்களில் பெரும்பாலானவை மேற்குக் கரைத் துறைகளான முசிறி, நெல்கிந்தா ஆகியவற்றிலேயே சரக்கேற்றின. இவற்றுள் நெல்கிந்தா பாண்டியரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததாகப் பெரிப்ளூஸ் கூறுகிறது. மிளகு, யானைத்தந்தம், பட்டு ஆகியவற்றுடன் முத்தும் அங்கிருந்து ஏற்றுமதியானது. ஆகவே கொற்கை முத்து உரோமைக்குச் செல்லக் கொற்கைக்கே உரோமைக் கப்பல் வரவேண்டிய தேவை இருக்கவில்லை. கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் சென்று வந்த உள்நாட்டுக் கலங்களும், மலைக் கணவாய்கள் வழியான தரைவழியும் முத்தை மேற்குத் துறைகளுக்குக் கொண்டு சேர்த்தன.

தமிழகச் சான்றுகள்

சங்க நூல்களில் உரோமைக்குத் தூது அனுப்பியது பற்றிய செய்தி இல்லை. ஆயினும் யவனர் எனப்பட்ட மேற்குநாட்டவர் பற்றிய குறிப்புகள் பல உள்ளன. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடிய புறநானூற்றுப் பாடல், யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றிக் கூறுகிறது. அகநானூறு முசிறியில் யவனரின் மரக்கலங்கள் பொன்னுடன் வந்து மிளகுடன் திரும்புவதைக் கூறுகிறது. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் யவனக் காவலர் இடம்பெறுகின்றனர்.

தொல்லியல் சான்றுகளுள் பின்வருவன குறிப்பிடத்தக்கவை:

* கொற்கையில் 1968-69 இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள், உறைகிணறுகள், அறுத்த சங்குகள் முதலியன கிடைத்தன. அங்கு கிடைத்த கரியின் காலம் கிமு 8 ஆம் நூற்றாண்டளவில் எனக் கணிக்கப்பட்டது. 2021 இல் அங்கு மீண்டும் அகழாய்வு நடைபெற்றது.
* தென்னிந்தியாவில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் வெள்ளி நாணயங்கள் பெருமளவில் கிடைத்துள்ளன. அகஸ்டசின் பேரர்களான காயுஸ், லூசியஸ் ஆகியோரின் உருவம் பொறித்த வகை இவற்றுள் மிகுதி. இவ்வகை கிமு 2 முதல் வெளியிடப்பட்டதால், கிமு 20 ஆம் ஆண்டுத் தூதுக்குப் பின்னரே இந்நாணயங்கள் வந்தன என்பது தெளிவு.
* புதுக்கோட்டைப் பகுதியில் 1898 இல் 501 உரோமைப் பொற்காசுகள் கொண்ட புதையல் கண்டெடுக்கப்பட்டது.
* எகிப்தின் பெரெனிக்கே, குசைர் அல் கதீம் (மியோஸ் ஓர்மோஸ்) ஆகிய இடங்களில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கணன், சாதன் முதலிய பெயர்கள் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. தமிழ் வணிகர்களும் அத்துறைகளுக்குச் சென்றிருந்தனர் என்பதை இவை காட்டுகின்றன.

இச்சான்றுகள், தூது அனுப்பியவர் யார் என்னும் வினாவைத் தீர்க்கவில்லை. ஆனால் பாண்டிய நாட்டுக்கும் உரோமைக்கும் இடையிலான உறவு ஓர் ஒற்றைத் தூதை நம்பி இருக்கவில்லை என்பதை இவை உறுதி செய்கின்றன. அவ்வுறவை நிலைநிறுத்தியவர்கள் முத்துக் குளித்தவர்களும் கலம் செலுத்தியவர்களும் வணிகர்களுமே ஆவர்.

கொற்கையில் இருந்து காயலுக்கு

தாமிரபரணி ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து கடற்கரை கிழக்கே நகர்ந்ததால், கொற்கை காலப்போக்கில் துறைமுகத் தகுதியை இழந்தது. அதன் இடத்தைக் கடலுக்கு அருகில் இருந்த காயல் துறைகள் பெற்றன. காயல் என்பது கடலை அடுத்த உப்பங்கழியைக் குறிக்கும் சொல்லாகும். பழையகாயல், காயல்பட்டினம், புன்னைக்காயல் ஆகிய ஊர்ப் பெயர்களில் இச்சொல் இன்றும் உள்ளது.

கிபி 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வெனிசுப் பயணி மார்க்கோ போலோ, "காயில்" என்னும் சிறந்த நகர் பாண்டிய அரசருள் ஒருவருக்கு உரியதாக இருந்ததையும், ஓர்முசு, ஏடன் முதலிய இடங்களில் இருந்து குதிரைகள் ஏற்றிய கப்பல்கள் அங்கு வந்ததையும் எழுதியுள்ளார். 19 ஆம் நூற்றாண்டில் கொற்கையிலும் காயலிலும் களஆய்வு செய்த கால்டுவெல், மார்க்கோ போலோவின் காயில் பழையகாயலே என்றார். காயல்பட்டினமே அது என்போரும் உளர். பின்னர்ப் போர்த்துக்கேயர் காலத்தில் தூத்துக்குடி முதன்மை பெற்றது. அங்கு அரசு நடத்திய முத்துக் குளித்தல் 1961 உடன் நின்றுபோனது.

கொற்கை, காயல், தூத்துக்குடி எனத் துறைகள் மாறினாலும், சுமார் 30 கிலோமீட்டருக்கு உட்பட்ட ஒரே கடற்கரையே ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முத்துக்கும் கடல் வணிகத்துக்கும் இடமாக இருந்து வந்துள்ளது.

பிறப்புகள்

* காயுஸ் சீசர், அகஸ்டசின் பேரர் (இறப்பு: கிபி 4)

இறப்புகள்

* இரண்டாம் அர்த்தாக்சியஸ், ஆர்மீனிய மன்னர்

இவற்றையும் பார்க்க

* கொற்கை
* காயல்பட்டினம்
* பண்டைய தமிழகத்தின் யவனத் தொடர்புகள்
* முசிறி
* முத்துக் குளித்தல்